கவுதாரிக்கு விதைக்க டிராக்டர் எதற்கு?

கேள்வி: உச்சிப்புளிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே எனக்கு இரண்டு ஏக்கர் மணற்பாங்கான நிலம் இருக்கிறது. பத்து வருடமாகத் தரிசு. பனையும் உடை மரமும் நிற்கின்றன. ஓரத்தில் சீமைக் கருவேலம். கவுதாரி, முயல், மயில் எல்லாம் வந்துபோகின்றன. அவற்றுக்காகக் கொஞ்சம் தானியம் விதைத்துவிட ஆசை. ரோட்டவேட்டரால் இரண்டு உழவு ஓட்டினால்தான் முளைக்கும் என்கிறார் டிராக்டர்காரர். மண்ணைக் கிளறாமல் விதைக்க முடியாதா?

பதில்: முடியும். உங்கள் நிலத்தில் அப்படி விதைப்பதுதான் சரியும்கூட.

கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசலில் உழவுக்குக் காரணம் உண்டு. இறுகிய மண்ணைத் திறந்துவிட்டால்தான் மழைநீர் உள்ளே இறங்கும். உங்கள் மணலுக்கு அந்தக் கவலை இல்லை. எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும். அதைப் பிடித்து வைப்பதுதான் பாடு. இப்போது பிடித்து வைத்திருப்பவை பழைய புல்வேர்களும், உதிர்ந்த சருகும், மேலே படிந்த மெல்லிய பொருக்கும்தான். ரோட்டவேட்டர் முதலில் உடைப்பது அவற்றைத்தான். பல வருடங்களுக்கு முன் பெரியபட்டினம் பக்கம் அரை ஏக்கரை வைகாசியில் நானே உழவைத்தேன். ஆடிக்குள் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டுபோய்ப் பக்கத்துத் தோட்டத்து ஓலை வேலியில் முழங்கால் உயரத்துக்குக் குவித்துவிட்டது. அந்தத் தோட்டக்காரர் இன்றும் என்னைப் பார்த்தால், “உங்கள் மண்ணை எப்போது அள்ளப் போகிறீர்கள்?” என்பார்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. நிலத்தடி நீர் மேலாக இருக்கும் தாழ்வான இடங்களில் வெற்று மண் வெயிலில் காயக் காய, அடியிலிருக்கும் உப்பு மேலேறிப் பூக்கும். சருகு, ஓலை போன்ற மூடாக்கு இருந்தால் அது குறையும். அடுத்தது, மண்ணுக்குள் வருடக்கணக்கில் உறங்கும் சீமைக் கருவேல விதை. கிளறிவிட்டால் தானியத்துக்கு முன் அது முளைத்து நிற்கும்.

விதைக்கும் முன் ஒரு சோதனை. நான்கைந்து இடங்களிலிருந்து மண் எடுத்துத் தனித்தனிக் கொட்டாங்கச்சிகளில் நிரப்பி, நல்ல தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றிலும் இருபது கம்பு விதை போடுங்கள். ஒரு வாரத்தில் பாதிகூட முளைக்காத மண் எந்த இடத்து மண்ணோ, அந்த இடத்தை விட்டுவிடுங்கள். உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி முளைத்திருக்கும் இடத்துக்குச் சோதனையே தேவையில்லை. அங்கே விதைப்பது வீண். அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மணல்மேடு இருந்தால் அதையும் தொடாதீர்கள். கடலோர மணல்மேடுகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் பாதுகாப்பு இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் அவைதான் மேட்டைக் காக்கின்றன.

நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். திருவாடானைப் பக்கம் மழைக்கு முன்பே புழுதியில் நெல் விதைப்பார்கள் அல்லவா, அதே உத்தி இங்கேயும் உதவும். புரட்டாசிக் கடைசியில் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். இரண்டு ஏக்கர் முழுவதும் வேண்டாம். பத்தடிக்குப் பத்தடியாக எட்டுப் பத்துத் திட்டுகள் போதும், ஒவ்வொன்றும் ஒரு புதரை ஒட்டியிருக்கட்டும். பருந்து வட்டமிட்டால் ஓடி ஒளிய இடமில்லாத வெட்டவெளிக்குக் கவுதாரி வராது.

திட்டில் இருக்கும் சருகை ஒதுக்காமல், களைக்கொத்தால் ஒன்றரை அடிக்கு ஒரு குழி போடுங்கள். கம்பு, குதிரைவாலி என்றால் ஒரு விரற்கடை ஆழம். கொள்ளு, தட்டைப்பயறு என்றால் இரண்டு விரற்கடை. உப்பை ஓரளவு தாங்குவது கம்பு. பயறுகள் அவ்வளவு தாங்காது, ஆகவே அவற்றைச் சோதனையில் நன்றாக முளைத்த திட்டுகளில் மட்டும் போடுங்கள். விதைத்த குழியைக் காலால் ஒரு மிதி மிதித்து, மேலே காய்ந்த பனையோலையைப் பரப்பி, காற்றில் பறக்காமல் ஒரு மட்டையை வையுங்கள். மழை விழுந்து நான்காம் நாள் ஓலையைத் தூக்கிப் பாருங்கள். பக்கத்து மணல் காய்ந்து வெளுத்திருக்கும், ஓலைக்கடியில் மண் இருண்டு ஈரமாக இருக்கும். முளை கண்டதும் ஓலையை வரிசைகளுக்கு நடுவே நகர்த்திவிடுங்கள்.

மழை தாமதித்தால் எறும்பு விதையைச் சுமந்துகொண்டு போய்விடும். களிமண்ணும் சாணமும் பிசைந்து விதையை உருட்டிக் காயவைத்தால் சேதம் குறையும்.

ஆள் கூலி கட்டுப்படியாகாவிட்டால் இன்னொரு வழி, ஆடுகளை இரவில் நிலத்திலேயே அடைத்து வைக்கும் கிடை. மந்தை மேய்க்கும் நம் ஊர்க் கீதாரிகளிடம் சொல்லி இரண்டு இரவு செம்மறிக் கிடை போடுங்கள். காலையில் கிடையைக் கலைக்கும்போது குதிரைவாலியைத் தூவிவிட்டு, மந்தையை அதன் மேல் இரண்டு முறை ஓட்டச் சொல்லுங்கள். குளம்பு விதையை அழுத்திவிடும், எருவும் கிடைத்துவிடும். ஆனால் அதற்கு முந்திய வாரம் ஆடுகள் எங்கே மேய்ந்தன என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீமைக் கருவேல நெற்றைத் தின்றிருந்தால், புழுக்கையோடு அந்த விதையும் உங்கள் நிலத்துக்கு வந்து சேரும்.

கடையில் வாங்கும் விதையைக் கையில் கொட்டிப் பாருங்கள். சிவப்பு, பச்சை என்று சாயம் பூசியிருந்தால் அது மருந்து கலந்த விதை. மயில் அதைக் கிளறித் தின்றால் செத்துப்போகக்கூடும். விவசாயிகளிடம் வீட்டு விதையாகவே வாங்குங்கள்.

தையில் கதிர் முற்றும். அறுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்குத் தட்டையை மட்டும் இடுப்பளவில் மடித்துச் சாய்த்துவிடுங்கள். நின்ற கதிர் குருவிகளுக்கு, சாய்ந்தது கவுதாரிக்கும் காடைக்கும். மிச்சத்தைப் பங்குனி, சித்திரை வரை விட்டுவையுங்கள். வெளியில் ஒன்றும் கிடைக்காத காலம் அதுதான்.

சீமைக் கருவேலத்தை ஒரேயடியாக ஜேசிபி வைத்துப் பிடுங்கச் சிலர் சொல்வார்கள். அது ரோட்டவேட்டரைவிட மோசமாக மண்ணைப் புரட்டும். முயலுக்கு இப்போது மறைவு தருவதும் அந்தப் புதர்தான். மழை நனைத்த மண்ணில் கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள். பெரியதை வருடத்துக்குக் கால்வாசி வெட்டி, வெட்டிய கட்டையில் துளிர் வர வர ஒடித்துக்கொண்டே இருங்கள். அந்த இடத்தில் உகாய், இலந்தை, சங்கஞ்செடி வையுங்கள். உகாய் உப்புக்கு அஞ்சாது, அதன் பழத்துக்குப் பறவைகள் தேடி வரும்.

பக்கத்தில் மிளகாய்த் தோட்டம் இருந்தால் அந்த எல்லையிலிருந்து ஐம்பதடியாவது தள்ளியே திட்டுகளை அமையுங்கள். மயில் உங்கள் கம்போடு நிற்காது. அதன்பின் பக்கத்துக்காரர் வைக்கும் விஷத்துக்கு நீங்களும் ஒரு காரணமாகிவிடுவீர்கள். தானியம் கிடக்கும் இடம் தெரிந்தால் கண்ணி வைப்பவரும் வருவார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பதும் வேட்டைதான். கண்ணியைப் பார்த்தால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். திட்டுக்குப் போகும் ஒற்றையடித் தடத்தை மட்டும் உடை முள் வெட்டிப் போட்டு அடைத்துவையுங்கள். கவுதாரி முள்ளுக்கு அடியில் நுழைந்துகொள்ளும்.