ஒரே மூளை, மூன்று ஸ்கேன்: கேள்வி பதில்

காவேரிப்பட்டணத்து வீட்டிலிருந்தே புள்ளியியல் வேலை பார்க்கிறேன். வேலை ஏதும் கொடுக்காமல் சும்மா படுக்க வைத்து எடுக்கும் 'ரெஸ்டிங் ஸ்டேட்' மூளை ஸ்கேன்களை (மூளைப் பகுதிகள் எவ்வளவு சேர்ந்து இயங்குகின்றன என்று அளப்பவை), அதே ஆட்களுக்குப் பல மாதம் தொடர்ந்து எடுத்தால் எப்படி அலசுவது என்று வந்த கேள்விகளில் நான்கு.

பாலக்கோடு, முதுகலை மாணவி: அக்கா, 40 பேருக்கு ஆறு மாத இடைவெளியில் மூன்று ஸ்கேன். 11 பேர் மூன்றாவதுக்கு வரவில்லை. அவர்களைத் தூக்கிவிட்டு அனோவா (சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போடலாமா?

தூக்காதேம்மா. தூக்கினால் அவர்கள் ஏற்கெனவே கொடுத்த 22 ஸ்கேனும் வீண். மிக்சட் மாடல் போடு. ஒரே ஆளின் அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை அது கணக்கில் எடுக்கும். வராத வரிசை இல்லாமலே ஓடும். அட்டவணையில் ஒரு ஸ்கேனுக்கு ஒரு வரிசை, மொத்தம் 109. காலப் பத்தியில் 1, 2, 3 என்று போடாமல், முதல் ஸ்கேனிலிருந்து எத்தனை நாள் என்று போடு. ஒருத்தர் 170ஆம் நாள் வந்திருப்பார், இன்னொருத்தர் 240இல். இரண்டு பகுதிகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுக்களை முதலில் ஃபிஷர் இசட்டாக (மாடலுக்கு ஏற்ற அளவுகோலுக்கு) மாற்றிக்கொள்.

அப்புறம், அந்த 11 பேர் ஏன் வரவில்லை? நோய் முற்றியதால்தான் என்றால் மாடல் மட்டும் காப்பாற்றாது. அவர்களுடைய முந்தைய ஸ்கேன்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்.

ஓசூர், டேட்டா அனலிஸ்ட்: இரண்டு ஸ்கேன் போதாதா?

குழுவின் சராசரி மாற்றத்துக்குப் போதும். 'இவருக்கு இறங்குகிறது, அவருக்கு ஏறுகிறது' என்று தனித்தனியாகச் சொல்லப் போதாது. எங்கள் பக்கம் மாமரம் ஒரு வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்க்கும், மறு வருஷம் ஏமாற்றும். இரண்டு வருஷக் கணக்கை வைத்து மரத்தை வெட்டுவோமா? முந்தின ராத்திரித் தூக்கம், குடித்த காபி, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, எல்லாமே இந்த அளவை அசைக்கும். இரண்டே புள்ளி இருந்தால் அந்த அன்றாட ஆட்டத்தையும் அவரவர் போக்கையும் பிரிக்க வழியே இல்லை. மூன்று இருந்தாலும் மாடல் சில சமயம் முரண்டு பிடிக்கும்.

தர்மபுரி, ஸ்கேன் டெக்னீஷியன்: தலை அசைவு, தலை அசைவு என்று ஏன் உயிரை எடுக்கிறீர்கள்?

சார், கோபப்படாதீங்க. அசைவு பக்கத்துப் பகுதிகளின் தொடர்பை வலுவாகவும் தூரத்துத் தொடர்பைப் பலவீனமாகவும் காட்டும் என்று 2012இலேயே தெரிந்துவிட்டது. முதல் தடவை பயத்தில் நெளிகிற ஆள், மூன்றாவது தடவை பழகிப்போய் அசையாமல் படுப்பார். நாங்கள் அதை 'சிகிச்சை பலித்தது' என்று எழுதிவிடுவோம். அதனால்தான் ஒவ்வொரு ஸ்கேனின் சராசரி அசைவும் மாடலுக்குள் போக வேண்டும்.

ஊத்தங்கரை, ஆய்வு மாணவர்: மூளையை 200 பகுதியாகப் பிரித்தேன். ஆயிரம் இணைப்புகளில் பி மதிப்பு (மாற்றமே இல்லாவிட்டாலும் இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.05க்குக் கீழே!

200 பகுதி என்றால், இரண்டிரண்டாகச் சேர்த்து 19,900 இணைப்பு. ஒன்றுமே மாறாவிட்டாலும் சராசரியாக 995 அப்படி வரும். இப்படித் தற்செயலாக வரும் பொய் முடிவுகளைக் கட்டுப்படுத்த, புள்ளியியலாளர்கள் பெஞ்சமினி, ஹாக்பெர்க் 1995இல் தந்த திருத்தத்தைப் போடுங்கள். இல்லையென்றால், சேர்ந்து மாறும் இணைப்புகளை ஒரு வலையாகச் சோதிக்கும் முறை இருக்கிறது. ஆனால் அது வலை முழுவதற்கும்தான் பதில் சொல்லும். அதற்குள் ஒரு இணைப்பைத் தொட்டு 'இதுதான் மாறியது' என்று எழுத முடியாது.