எம்.பி.ஏ.வில் எந்தப் பிரிவு? டெல்டா பிள்ளைகள் கேட்டவை

கும்பகோணத்தில் வங்கிக் கடன் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். நானும் எம்.பி.ஏ. படித்தவன். சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி: பி.காம். கடைசி வருடம். அப்பாவின் அரிசி ஆலையைத்தான் பிறகு பார்க்கப் போகிறேன். ஃபைனான்ஸ் எடுப்பதா, மார்க்கெட்டிங்கா?

உங்கள் ஆலையையே எடுத்துக்கொள்வோம் தம்பி. சம்பா நெல் தை, மாசியில் மொத்தமாக வந்து இறங்கும். அப்போது வாங்கிப் போட்டால்தான் பல மாதம் ஓட்ட முடியும். போட்ட பணம் கிடங்கில் மூட்டையாகக் கிடக்கும், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு கடன் வாங்குவது, எப்போது விற்று அடைப்பது என்ற கணக்குதான் ஃபைனான்ஸ்.

அரசு அரவைக் கணக்கில் நூறு கிலோ நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் 68 கிலோ. ஈர நெல்லை வாங்கிவிட்டாலோ, காயவைப்பதில் கோட்டைவிட்டாலோ குருணை கூடி லாபம் கரையும். அதைப் பிடித்து நிறுத்துவது ஆபரேஷன்ஸ். வெளியூர்க் கடைக்காரர் உங்கள் மூட்டையைப் பேர் சொல்லிக் கேட்கும்படி செய்வது மார்க்கெட்டிங்.

ஆலையில் பணம் எங்கே ஒழுகுகிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். என் மேசைக்கு வரும் ஆலைக் கணக்குகளில் அரவை நன்றாகவே இருக்கும். கையிருப்பும் வராத பாக்கியும்தான் கழுத்தை நெரிக்கும். உங்கள் வீட்டிலும் அதே கதை என்றால் ஃபைனான்ஸை முதன்மையாக வைத்து, ஆபரேஷன்ஸில் இரண்டு பாடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருவாரூர்த் தங்கை ஒருவர்: கணக்கு வராது. ஹெச்.ஆர். (மனிதவளம்) எடுத்தால் சுலபம், பெண்களுக்கு ஏற்றது என்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்கள் அந்த வேலையைப் பார்த்ததில்லை, அம்மா. சம்பளப் பட்டியல், பி.எஃப். பிடித்தம், தொழிலாளர் சட்டம் எல்லாம் அதில்தான் வரும். வருடக்கணக்காக உழைத்த ஒருவரை வேலையிலிருந்து அனுப்பும் நாளில் எதிரே உட்கார்ந்து பேசுவதும் அந்தப் பொறுப்புதான். மனிதர்களின் சிக்கலைப் பொறுமையாகக் கேட்க உங்களால் முடியும் என்றால் தாராளமாக எடுங்கள். கணக்குக்குப் பயந்து மட்டும் எடுக்காதீர்கள். உண்மையில் எம்.பி.ஏ.வுக்கு வேண்டியது பெரும்பாலும் சதவீதமும் சராசரியும் கொஞ்சம் புள்ளியியலும்தான். மூன்று மாதம் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு வங்கி அதிகாரி வேலைதான் ஆசை. கடன் வாங்கி எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் சேர்க்கலாமா?

அரசு வங்கி என்றால் வேண்டாம் அக்கா. வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். அமைப்பு நடத்தும் அதிகாரித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், வயது 20 முதல் 30 வரை. முதலில் இரண்டு முறை அதை எழுதட்டும். அந்தப் பணத்தைச் செலவழிக்க அவசரமில்லை.

வேளாங்கண்ணி பக்கம், பி.எஸ்சி. வேளாண்மை முடித்தவர்: என் படிப்பை விட்டுவிடாமல் எம்.பி.ஏ. பண்ண வழி உண்டா?

உண்டு, நல்ல வழியே உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் உள்ள வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் (மேனேஜ்), அகமதாபாத் ஐ.ஐ.எம். மூன்றிலும் வேளாண் வணிகப் படிப்பு இருக்கிறது. கிராம மேலாண்மைக்கு குஜராத்தின் ஆனந்தில் இர்மா என்ற கல்வி நிறுவனம் இருக்கிறது. விதை, உரம், உணவு பதப்படுத்தும் கம்பெனிகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் எல்லாம் உங்களைப் போன்றவர்களைத் தேடுகின்றன. குறுவை, தாளடி என்ற நெல் பருவங்களுக்குள் வித்தியாசம் தெரிந்தவர் அங்கே இருப்பது பெரிய பலம்.

தஞ்சாவூர், மென்பொருள் வேலையில் மூன்று வருடம்: எல்லோரும் அனலிடிக்ஸ் (தரவுகளை அலசும் பிரிவு) எடுக்கச் சொல்கிறார்களே?

ஏற்கெனவே கோடிங் தெரிந்தவர் நீங்கள். கருவியைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் வேண்டாம். எந்தத் தொழிலின் கேள்விக்கு அந்தக் கருவி என்று தீர்மானித்து, அந்தத் தொழிலைப் படியுங்கள்.

வலங்கைமான், இந்த வருடம் சேரப்போகிறவர்: சேரும்போதே பிரிவைச் சொல்லிவிட வேண்டுமா?

பெரும்பாலான கல்லூரிகளில் முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே பாடம், இரண்டாம் வருடம்தான் பிரிவு. நடுவில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இரண்டு மாதக் கோடைப் பயிற்சி வரும். நான் அதைச் சான்றிதழுக்காக ஒப்பேற்றிவிட்டு, நண்பர்கள் எடுத்தார்கள் என்று மார்க்கெட்டிங் எடுத்தேன். கடன் வேலைக்கு வந்தபிறகு இருப்புநிலை அறிக்கை (பேலன்ஸ் ஷீட்) படிக்கத் தனியாக உட்கார்ந்து கற்க வேண்டியிருந்தது. நீங்கள் அந்த இரண்டு மாதமும் நினைத்திருக்கும் வேலைக்குள்ளேயே போய் உட்காருங்கள். பெரிய கம்பெனி கிடைக்காவிட்டால் கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையோ திருபுவனத்துப் பட்டு நெசவாளர் சங்கமோ போதும். கணக்குப் புத்தகம் பார்க்க விடுகிறார்களா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.