டி4 ஏறியிருக்கிறது, டி.எஸ்.எச். ஏன் இறங்கவில்லை?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. வகுப்பில் ஓர் இடத்தில் உட்காருவதில்லை என்று ஆசிரியை சொன்னார். நெஞ்சு படபடக்கிறது என்று அவளும் சொன்னாள். பரிசோதித்தபோது தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான ஃப்ரீ டி4 2.7, ஃப்ரீ டி3 6.4, தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். 3.8. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று, அதைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் டி.எஸ்.எச். 16 ஆகிவிட்டது, கழுத்து வீக்கமும் பெரிதாகிவிட்டது. இப்போது அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். என் கணவருக்கு இதே வீக்கத்துக்காக 15 ஆண்டுகளுக்கு முன் தைராய்டை எடுத்துவிட்டார்கள். தினமும் 150 மைக்ரோகிராம் மாத்திரை போட்டும் அவருடைய டி.எஸ்.எச். 20-க்குக் கீழே வந்ததே இல்லை. நாங்கள் சொந்தத்தில் மணம் செய்தவர்கள். அதனால் வந்த கோளாறா?

பதில்: அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் முதலில் அதைத் தள்ளிப்போடுங்கள். சுரப்பியை அழிக்கும் கதிரியக்க அயோடின் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னாலும் அப்படியே. மகளுக்கு மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே அவசரம் எதுவுமில்லை. கார்பிமசோலை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். இந்த வாரத்துக்குள் ஒரு நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் போய், “இது தைராய்டு ஹார்மோன் எதிர்ப்பு நிலையாக இருக்குமா?” என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது அதுதான்.

மகளின் முதல் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். டி4-ம் டி3-ம் தடித்த எழுத்தில் இருக்கும், ஓரத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியும் இருக்கும். டி.எஸ்.எச். 3.8 எந்தக் குறியும் இல்லாமல் சாதுவாக உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் ஆய்வகத்தின் கணக்கில் அது இயல்பான அளவு. கண் தடித்த எழுத்துக்குத்தான் போகும், ஆனால் சேதி இருப்பது அந்தச் சாதுவான எண்ணில். தைராய்டு தானாகக் கட்டுமீறிச் சுரந்தால் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐ ஏறக்குறைய நிறுத்திவிடும், எண் 0.1-க்கும் கீழே போய்விடும். ஃப்ரீ டி4 2.7-ல் இருக்கும்போது டி.எஸ்.எச். 3.8 என்றால் ‘இன்னும் போதவில்லை, சுரந்துகொண்டே இரு’ என்று பிட்யூட்டரி கட்டளையிடுகிறது என்று பொருள்.

ஏன் போதவில்லை? வீட்டில் பாட்டிக்குக் காது மந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் உரக்கப் பேசுகிறோம். பாட்டிக்கு அது சரியாகக் கேட்கிறது, தொட்டிலில் இருக்கும் குழந்தையோ திடுக்கிட்டு எழுந்துவிடுகிறது. தைராய்டு ஹார்மோன் சொல்வதைக் கேட்கும் ஏற்பிகளில் ஆல்ஃபா, பீட்டா என்று இரு வகை உண்டு. பிட்யூட்டரியிலும் கல்லீரலிலும் பெரும்பாலும் பீட்டா, இதயத்தில் பெரும்பாலும் ஆல்ஃபா. பீட்டா ஏற்பிக்கான டி.எச்.ஆர்.பி. மரபணுவில் பிழை இருந்தால் பிட்யூட்டரிக்குக் காது மந்தம். அதற்காக ஹார்மோன் கூடுகிறது, கூடிய ஹார்மோன் இதயத்தை ஓட வைக்கிறது. உங்கள் மகளின் படபடப்பு இந்தத் தொட்டில் குழந்தைதான்.

இப்போது கார்பிமசோல் செய்ததைப் பாருங்கள். அது ஹார்மோனைக் குறைத்தது. பிட்யூட்டரி இன்னும் பலமாகக் கத்தியது, டி.எஸ்.எச். 16. அந்தக் கத்தலுக்குச் சுரப்பி மேலும் பெருத்தது. மருந்து பலிக்காததால் வீக்கம் கூடியதாக எண்ணாதீர்கள். மருந்து பலித்ததுதான் வீக்கத்துக்குக் காரணம். இதே வழியில் போய்ச் சுரப்பியை வெட்டி எடுத்தபின், மிச்சமிருந்த துணுக்கு மீண்டும் வளர்ந்து, இரண்டாம் முறை மேசையில் படுத்தவர்கள் உண்டு.

இது புதிய நோயல்ல. 1967-ல் அமெரிக்காவில் சாமுவேல் ரெஃபெடாஃப் என்ற மருத்துவரும் சகாக்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகளிடம் கண்டு எழுதினார்கள். மரபணுப் பிழை 1980-களின் இறுதியில் பிடிபட்டது. ஏறத்தாழ 40,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பொது மருத்துவர் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பார்க்காமல் போகலாம். முதலில் பார்த்தவர்மீது கோபப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரெஃபெடாஃப் கண்ட அந்தக் குடும்பத்தில் பெற்றோர் நெருங்கிய சொந்தம். அங்கே பிழை இரு பக்கமிருந்தும் வந்தது. ஆனால் அது அபூர்வத்திலும் அபூர்வம். பிறகு கண்டறியப்பட்ட பெரும்பாலான குடும்பங்களில் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று கெட்டிருந்தாலே போதும், அது நல்ல பிரதியின் வேலையையும் கெடுத்துவிடும். அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆகவே உங்கள் வீட்டில் சொந்தத்தில் மணந்ததைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. என் சந்தேகம் உங்கள் கணவர் பக்கம் போகிறது.

உறுதி செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எண்களையே சந்தேகிக்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்போது வீட்டுக்கு ஒருவர். சில கருவிகளில் அது டி4-ஐப் பொய்யாக உயர்த்திக் காட்டும். மகளும் சாப்பிட்டால், மருத்துவரிடம் சொல்லி மூன்று நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதம் டி4-ஐ அளவுக்கு மீறிப் பிடித்துவைக்கும் பரம்பரைக் குணமும் உண்டு. அதுவும் குடும்பத்தில் வரும், அதிலும் டி.எஸ்.எச். இயல்பாகவே இருக்கும், ஆனால் அது நோயே அல்ல. அதனால் வேறொரு ஆய்வகத்தில், வேறு முறையில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

எண்கள் உண்மை என்றான பின் மிஞ்சும் கேள்வி, பிட்யூட்டரியில் டி.எஸ்.எச். சுரக்கும் கட்டி இருக்கிறதா என்பது. பிள்ளைகளுக்கு அது மிக அரிது. கட்டி என்றால் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதமும், டி.எஸ்.எச்.-இன் ஒரு பகுதியான ஆல்ஃபா துணையலகும் ரத்தத்தில் பெரும்பாலும் உயர்ந்திருக்கும், ஹார்மோன் எதிர்ப்பு நிலையில் உயராது. எம்.ஆர்.ஐ. எடுத்தவுடன் முடிவு கட்டிவிடாதீர்கள். நல்ல ஆரோக்கியமானவர்களிலேயே ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் சிறு புள்ளி தெரியும். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இதே படம் இருந்தால், கட்டி என்ற எண்ணமே பெரும்பாலும் விலகிவிடும். அதனால்தான் மரபணுப் பரிசோதனைக்கு மகளோடு கணவரும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்கிறேன். இருவரிடமும் ஒரே பிழை கிடைத்தால் வழக்கு முடிந்தது. கிடைக்காவிட்டால் இந்த நோய் இல்லை என்றாகிவிடாது. சுமார் நூற்றுக்குப் பதினைந்து குடும்பங்களில் டி.எச்.ஆர்.பி.-யில் பிழை தென்படுவதில்லை.

சிகிச்சை என்ன? பலருக்கு எதுவுமே வேண்டாம். கூடுதலான ஹார்மோன் காது மந்தத்தை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் குறைத்தால்தான் கெடுதல். தாளில் தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணைச் சும்மா விட்டுவைப்பது பெற்றோருக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். படபடப்பு தொல்லை கொடுத்தால் அட்டனலால் போன்ற மருந்து இதயத்தை மட்டும் அடக்கும். வீசிங் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவள் தூங்கும்போது ஒரு நிமிடம் நாடியை எண்ணி, ஒரு வாரத்துக்கு எழுதி வையுங்கள். மருந்து வேண்டுமா என்று முடிவெடுக்க அது உதவும்.

வகுப்பில் உட்கார முடியாதது சேட்டை அல்ல. இந்த நிலை உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கவனக்குறைவும் துறுதுறுப்பும் உண்டு. அதற்குத் தனி மருத்துவம் இருக்கிறது, தைராய்டைத் தொட வேண்டியதில்லை. ஆசிரியையிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள். காது கேட்கும் திறனையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், சிலருக்கு அது குறைகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்துவாருங்கள்.

அவள் வளர்ந்து கருவுறும் காலத்தில் ஒரு விஷயம் நினைவிருக்க வேண்டும். போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் இந்த நோயுள்ள ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்ட தாய்மாருக்குக் கருச்சிதைவு அதிகமாக இருந்தது. பிழையைப் பெறாத குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தன. தாயின் உரத்த குரல், நன்றாகக் காது கேட்கும் குழந்தைக்கு அதிகமாகிவிடுகிறது. அதனால் கர்ப்ப காலத்தில் நிபுணரின் கண்காணிப்பு வேண்டும்.

கடைசியாக உங்கள் கணவர். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று 15 ஆண்டுகளாகத் திட்டு வாங்கியிருப்பார். எழுந்ததும் மாத்திரையும் காபியும் சேர்ந்தே உள்ளே போகிறதா, சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகள் கூடவே போகின்றனவா என்று முதலில் பாருங்கள், அதுவும் டி.எஸ்.எச்.-ஐ ஏற்றும். அது இல்லையென்றால் அவர்மேல் தப்பில்லை. அவருக்கும் இதே நிலை இருந்தால் 150 மைக்ரோகிராம் போதவே போதாது. சுரப்பியை இழந்த சிலருக்கு நாளுக்கு 500-க்கும் மேல் தேவைப்படுகிறது. டி.எஸ்.எச்.-ஐ மட்டும் துரத்தாமல் நாடி, கொழுப்பு, எலும்பு ஆகியவற்றையும் பார்த்து, நிபுணர்தான் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

பரணில் அவருடைய பழைய கோப்பு இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைத் தேடுங்கள். டி4 உயர்ந்து, டி.எஸ்.எச். இறங்காமல் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால், நிபுணரிடம் போகும்போது மகளின் தாளுக்கு முன்னால் அதை நீட்டுங்கள்.