மூன்று வருடம் இரும்பு மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஊறாத கதை

"கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரும்புச்சத்து குறையுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் குறைந்தது. காரணம் கோதுமை என்று தெரியவே மூன்று வருடம் ஆயிற்று.

எனக்கு அம்பாசமுத்திரம். அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததும் வீட்டில் இரவுச் சோறு நின்று சப்பாத்தி வந்தது. எனக்கோ ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. அம்மா முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கருப்பட்டி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 'ஒழுங்காகச் சாப்பிடாதவள்' என்ற பெயர்தான் மிச்சம்.

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவர்தான், "மாத்திரை சாப்பிடுகிறீர்கள் சரி, அது உடம்பில் சேருகிறதா?" என்று கேட்டார். டிடிஜி (tTG) என்ற ரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் சதைத் துணுக்கு எடுத்துச் சோதனை. சீலியாக் நோய் என்று வந்தது. வடஇந்தியாவில் அதிகம், நம் பக்கம் குறைவு. எனக்கு வயிற்றுப்போக்கும் இல்லை. யார் சந்தேகப்படுவார்கள்?

கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் மழுங்கிப்போகின்றன. இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில். இந்த நோய் கைவைப்பதும் அங்கேதான். கால்சியம், துத்தநாகம் குறைவதும் இதே வழியில்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் முடிவில் தெரியாமல் போகலாம். சீலியாக் இல்லாமல், கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்பவர்களுக்குக் குடல் இப்படிச் சேதமாவதில்லை. அவர்களுக்கு ரத்தசோகை இருந்தால் மாதவிடாய்ப் போக்கு, குடற்புழு என்று வேறு காரணம் தேட வேண்டும்.

கோதுமையை அடியோடு விட்டாலும் சாப்பாடு பெரிய கஷ்டமில்லை. சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி எல்லாம் நமக்கு இருக்கின்றன. என்னை ஏமாற்றியது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் ஆறு மாதம் ரசம் குடித்திருக்கிறேன்! அதையும் நிறுத்திய பிறகுதான் மாத்திரை வேலை செய்தது. இப்போது ஹீமோகுளோபின் 11.8.

அல்வாதான் போயிற்று. "அது கோதுமைப் பால்தானே, கோதுமை எங்கே இருக்கிறது?" என்று மாமா வாதாடுவார். எத்தனை முறை வடிகட்டினாலும் குளூட்டன் முழுவதும் நீங்காது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். தீபாவளிக்கு இன்னமும் அரைக் கிலோ வாங்கி வருகிறார். அப்பாவுக்கும் ஆகாது. அம்மா ஒருத்தியே தின்று தீர்க்கிறாள்.