பாம்பன் காற்றும் பதினோரு கிலோ முதுகுப்பையும்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 36 வயது, எடை 62 கிலோ. உச்சிப்புளியில் வீடு. ஆர்.ஓ. குடிநீர் மெஷின் சர்வீஸ் செய்கிறேன். தினமும் பைக்கில் பாம்பன் பாலம் தாண்டி தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வரை போய் வருவேன். ஸ்பேனர், பம்பு, ஃபில்டர், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் முதுகில் மாட்டும் பையில்தான். எடை போட்டால் 11 கிலோ வருகிறது. ஆறு மாதமாகக் கழுத்திலிருந்து வலது தோள்பட்டை வரை வலி. பாலம் ஏறுவதற்குள் வலது கை மரத்துவிடுகிறது. பையைக் கழற்றினால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். ஸ்கேன் எடுக்க வேண்டுமா? பைக்கின் பின்னால் பெட்டி மாட்டலாமா, இரண்டு பக்கமும் தொங்கும் பை நல்லதா? அம்மாவுக்கு இன்சுலின் ராமநாதபுரத்தில்தான் வாங்குகிறேன். அதை அந்தப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா?

பதில்: தம்பி, ஸ்கேனுக்கு இப்போது அவசரம் இல்லை. பையைக் கழற்றினால் மரப்பு போய்விடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோயைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வரி எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது.

கழுத்தெலும்பிலிருந்து கைக்கு வரும் நரம்புகள், கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடும் காறையெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு குறுகலான சந்து வழியாகத்தான் இறங்குகின்றன. பை வார் அழுத்துவது அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான். நடக்கும்போது அதே பை இவ்வளவு தொல்லை தராது. தோளை அசைக்கிறோம், வாரைத் தூக்கி விடுகிறோம், கையை மாற்றிக்கொள்கிறோம். பைக்கில் இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி பூட்டுப் போட்டதுபோல் நிற்கின்றன. தோள் முன்னால் சாய்கிறது, சந்து இன்னும் குறுகுகிறது, மேலே 11 கிலோ. உங்கள் உடல் எடையில் அது ஆறில் ஒரு பங்குக்கும் மேல். பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்ற வேண்டாம் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு. உங்களுக்கு ஆறு கிலோ, அதுவும் நடப்பதற்கு.

வலது பக்கம் மட்டும் ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இடது கையைக் கொஞ்சம் தளர்த்தலாம், தொடையில் வைத்துக்கூட இளைப்பாறலாம். வலது கை ஆக்சிலேட்டரை விடவே முடியாது. அந்தத் தோளின் தசை உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரம் வரை ஒரு நொடியும் ஓய்வதில்லை. அதோடு ஹெல்மெட்டின் பின்விளிம்பு பையின் மேல்பக்கத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் தலையை நிமிர்த்த முடியாமல் கழுத்து முன்னால் தள்ளியே இருக்கும். பாதி கழுத்துவலிக்கு அது போதும்.

இனி காற்று. பாலத்தில் ஆடிக் காற்று அடிப்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய ரயில் பாலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் ரயிலையே விடாமல் நிறுத்தி வைத்தார்கள். பக்கத்திலேயே 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் நாம் இரண்டு சக்கரத்தில் போகிறோம், இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாமல். தென்மேற்குக் காற்று போகும்போது வலப்பக்கம் அறையும், திரும்பும்போது இடப்பக்கம். மார்கழி வாடைக்கு இதுவே தலைகீழ். முதுகில் நிற்கும் பை அந்தக் காற்றுக்குப் பாய் விரித்ததுபோல. அது உங்கள் உடம்பைத் திருகுகிறது, நீங்கள் எதிர்த்துப் பிடிக்கிறீர்கள், கழுத்துத் தசை இறுகிப்போகிறது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை விழுவதைப் பற்றியது. கீழே விழுந்தால் தார் ரோட்டுக்கும் உங்கள் முதுகெலும்புக்கும் நடுவே இருக்கப்போவது ஸ்பேனரும் பம்பும். இரும்பை முதுகில் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று என்னிடம் வரும் ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். உங்களையும் கேட்கிறேன்.

எடையை வண்டி சுமக்கட்டும். எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. உங்கள் வேலைக்கு இரண்டு பக்கமும் தொங்கும் பைதான் என் தேர்வு. எடை கீழே இருக்கும், இரு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும், வண்டியின் தலை ஆடாது. இரும்புச் சாமான் எல்லாம் பையின் அடியில், ஃபுட்ரெஸ்ட் பக்கமாக வரட்டும். இரண்டு பையும் ஏறக்குறைய ஒரே எடை இருக்கட்டும். வீட்டில் தராசு இருக்கிறதே, ஒருமுறை போட்டுப் பாருங்கள். சைலன்சர் பக்கத்துப் பை சூட்டில் உருகும், எரியவும் செய்யும். கம்பிச் சட்டம் வைத்து அதை விலக்கித்தான் மாட்ட வேண்டும். சட்டம் இல்லாமல் சீட்டின் மேல் வாரைப் போட்டுத் தொங்கவிடும் பை மலிவாகக் கிடைக்கும். அதில் ஒரு வார் தளர்ந்தால் நேரே பின்சக்கரத்துக்குள் போகும். வேண்டாம்.

பின்னால் மாட்டும் பெட்டி பூட்டிவிட்டுப் போக வசதி, மழைக்கும் நல்லது. ஆனால் பெட்டியே மூன்று நான்கு கிலோ இருக்கும். அது பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் உட்காருகிறது. அதில் பம்பையும் ஸ்பேனரையும் போட்டால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும். பாலத்துக் காற்றில் அது ஆபத்து. ஃபில்டர், மழைக்கோட்டு, பில் புத்தகம் மாதிரி இடம் அடைக்கும், ஆனால் எடை இல்லாத பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு எடை தாங்கும் என்று பெட்டியின் உள்ளேயே பெரும்பாலும் ஒட்டியிருப்பார்கள், அதை மீறாதீர்கள். மோட்டார் வாகன விதியிலும் பெட்டிக்கு அளவு இருக்கிறது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்குள். பின்சீட்டு இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம்.

பெட்ரோல் டேங்கின் மேல் வைக்கும் சின்னப் பை தண்ணீர் பாட்டிலுக்கும் போனுக்கும் போதும். காந்தம் வைத்த வகை என்றால், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை மார்போடு சேர்த்துத் தூக்கக் கூடாது. இது உங்களுக்கு இல்லை, படிக்கும் மற்றவர்களுக்கு.

சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் மாட்டும் பழக்கம் நம் பக்கம் எல்லோருக்கும் உண்டு. திருப்பத்தில் அது ஆடும், முன்சக்கரத்தை நோக்கித்தான் ஆடும். சீட்டில் சாமான் கட்ட இரும்புக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு விற்கிறார்கள். இழுத்து மாட்டும்போது கை நழுவினால் கொக்கி திரும்பி வந்து கண்ணில் அடிக்கும். கண் பார்வையே போகும் காயம் அது. மீன் பெட்டி கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் பழைய டியூப் ரப்பர் இதைவிட எவ்வளவோ மேல். கொக்கி இல்லை, முடிச்சுதான்.

உப்புக் காற்றில் நம் ஊர் ஜிப்பும் போல்ட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பை வாங்கும்போது உலோக ஜிப்பைத் தவிர்த்துவிடுங்கள், மேலே சுருட்டி பிளாஸ்டிக் கிளிப் போடும் வகை ஐப்பசி மழைக்கும் தாங்கும். சட்டத்தின் போல்ட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, ஆட்டிப் பாருங்கள்.

பையை இறக்குவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, இடுப்பை முறுக்கிக் குனிந்து ஐந்து கிலோவைத் தூக்கினால் தோள்வலி போய் இடுப்புவலி வரும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பைக்கு நேராக நின்று, முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

இப்போது வைத்தியம். இரண்டு வாரம் முதுகில் எதுவும் மாட்டாமல் போய் வாருங்கள். புதுப் பை வாங்கும் வரை பழைய பையையே பின்சீட்டில் படுக்க வைத்து இறுக்கிக் கட்டுங்கள், வார் எதுவும் தொங்கக் கூடாது. மண்டபத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி, இறங்கி, இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்து ஐந்து நொடி பிடித்து விடுங்கள், பத்து முறை. கைப்பிடியை நசுக்கிப் பிடிக்காதீர்கள். மரப்பு நின்றுவிட்டால் நோயும் மருந்தும் தெரிந்துவிட்டது. வலி முழுதாகப் போக இன்னும் சில வாரங்கள் ஆகலாம்.

நிற்காவிட்டால் நேரில் வாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, இரவில் தூக்கத்தையும் கெடுத்தால் அது மணிக்கட்டு நரம்பாக இருக்கலாம். வண்டியின் அதிர்வு அதைக் கூட்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் உங்கள் ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். ஸ்பேனர் கையிலிருந்து நழுவுகிறது, கை மெலிகிறது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாடு தவறுகிறது என்றால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம், அன்றே வர வேண்டும். வியர்வையும் மூச்சடைப்புமாக நெஞ்சிலிருந்து தோளுக்கும் கைக்கும் வலி பரவினால் அது பை செய்த வேலை அல்ல. வண்டியை ஓரம் கட்டி 108ஐ அழையுங்கள்.

அம்மாவின் இன்சுலினை வெயிலில் நிற்கும் பெட்டியில் வைக்காதீர்கள். மூடிய பெட்டிக்குள் சூடு ஏறினால் மருந்து வீரியம் இழக்கும். மீனோடு ஐஸில் புதைத்து வருவதும் தப்பு. உறைந்த இன்சுலினை உருக்கினாலும் பயன்படாது. வாய் அகன்ற தெர்மாஸ் பிளாஸ்க்கில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் விட்டு, மருந்தை டப்பாவோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே வையுங்கள். வழியில் டீக்கு நின்றாலும் அந்தப் பிளாஸ்க் நிழலில், உங்கள் கையிலேயே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்துவிடுங்கள், ஃப்ரீசர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.