எக்ஸெப்ஷன் பகுதி இருந்தும் பிழை நழுவுவது ஏன்?

கேள்வி: ஆரக்கிள் டேட்டாபேஸில், அதன் பிஎல்/எஸ்க்யூஎல் மொழியில், ஒரு புரொசீஜர் எழுதியிருக்கிறேன். உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால் பெயரை எடுத்து ரசீது தயாரிக்கும். பெயருக்கான மாறியை வார்ச்சார்2(30) என அறிவித்து, அந்த வரியிலேயே ஒரு ஃபங்ஷனை அழைத்து மதிப்பையும் கொடுத்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் பதிவான பெயர்களுக்குச் சிக்கல் இல்லை. தமிழ்ப் பெயர்கள் சிலவற்றுக்கு மட்டும் ஓஆர்ஏ-06502 என்ற மதிப்புப் பிழை வருகிறது. முடிவில் உள்ள எக்ஸெப்ஷன் பகுதியில், எந்தப் பிழையையும் பிடிக்கும் ‘வென் அதர்ஸ்’ போட்டு லாக் டேபிளில் எழுதச் சொல்லியும் அங்கே ஒரு பதிவும் இல்லை. ஏன்?

பதில்: உங்கள் எக்ஸெப்ஷன் பகுதியில் தவறு இல்லை. அதன் காவல் எல்லை பிகினுக்குக் கீழேதான் தொடங்குகிறது. புரொசீஜரின் தலைப்பில் வரும் ‘இஸ்’ (IS) என்ற சொல்லுக்கும் பிகினுக்கும் இடையில் உள்ள அறிவிப்புகளில் பிழை எழுந்தால், அது அதே பிளாக்கின் எக்ஸெப்ஷன் பகுதியை எட்டிக்கூடப் பார்க்காமல், அழைத்தவரிடம் நேராகப் போய்விடும். பிழைச் செய்தியில் ஓஆர்ஏ-06512 காட்டும் வரி எண்ணைப் பாருங்கள். அது பிகினுக்கு மேலே இருக்கும்.

இது முரட்டு விதியாகத் தோன்றலாம்; காரணம் நியாயமானது. பிழையைக் கையாளும் பகுதி அந்த பிளாக்கின் மாறிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஐந்து மாறிகளில் மூன்றாவதில் பிழை வந்தால் நான்காவதும் ஐந்தாவதும் இன்னும் பிறக்கவே இல்லை. அவற்றை நம்பி எப்படி லாக் எழுதுவது? பிஎல்/எஸ்க்யூஎல்லுக்கு முன்மாதிரியான அடா மொழியிலும் இதே விதிதான்.

ஆகவே அறிவிப்பில் மாறியின் பெயரும் வகையும் மட்டும் இருக்கட்டும். ஃபங்ஷன் அழைப்பை பிகினுக்குக் கீழே முதல் வரியாக இறக்குங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே உங்கள் லாக் பேசத் தொடங்கும். கான்ஸ்டன்ட் (மாறாத மதிப்பு) என்றாலோ நாட் நல் (வெறுமையாக இருக்கக் கூடாதது) என்றாலோ அறிவிப்பிலேயே மதிப்புக் கொடுத்தாக வேண்டும். அப்போது முழு பிளாக்கையும் இன்னொரு பிகின்–எண்டுக்குள் வைத்து, வெளிப்பக்கம் எக்ஸெப்ஷன் எழுதலாம். உள்ளே அறிவித்த மாறிகள் வெளியே தெரியா. புரொசீஜருக்கு வந்த உறுப்பினர் எண் தெரியும், லாக்குக்கு அது போதும். லாக் எழுதியபின், பிழையை அழைத்தவருக்கு மறுபடி அனுப்பும் ‘ரெய்ஸ்’ போட மறக்காதீர்கள். ‘வென் அதர்ஸ் தென் நல்’ (எந்தப் பிழை வந்தாலும் ஒன்றும் செய்யாதே) என்று எழுதிப் பிழையை விழுங்குவதைவிட, எக்ஸெப்ஷன் பகுதியே இல்லாமல் விடுவது மேல்.

இனி மூலப் பிழை. வார்ச்சார்2(30) என்றால் முப்பது எழுத்து என்று எண்ணிவிட்டீர்கள். ஆரக்கிளின் இயல்பு அமைப்பில் அது முப்பது பைட். யூடிஎஃப்-8 டேட்டாபேஸில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். புள்ளிக்கும் துணைக்குறிக்கும் தனித்தனிக் கணக்கு. ‘தமிழ்ச்செல்வி’ கண்ணுக்கு ஏழெழுத்து. உள்ளே 13 குறியீடுகள், 39 பைட். முப்பதில் எப்படி அடங்கும்? ‘கவிதா’ 15 பைட்டோடு தப்பித்துவிடுகிறாள். சில பெயர்கள் மட்டும் மாட்டுவது இதனால்தான். வார்ச்சார்2(30 சார்) என்று அறிவித்தால் எழுத்துக் குறியீடுகளாக எண்ணும். அதைவிட, டேபிளில் பெயர் உள்ள நெடுவரிசையையே சுட்டி ‘%டைப்’ என்று அறிவிப்பது நல்லது. நாளை நெடுவரிசையின் அகலத்தைக் கூட்டினால், புரொசீஜர் மறுபடி கம்பைல் ஆகும்போது மாறியும் தானாகக் கூடிக்கொள்ளும்.

பல புரொசீஜர்களையும் மாறிகளையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் பேக்கேஜ்களின் தொடக்கத்திலும் இப்படி மதிப்புக் கொடுத்திருந்தால் அவற்றையும் தேடிப் பாருங்கள். அங்கே கேடு இன்னும் நயவஞ்சகமானது. பழைய பதிப்புகளில், முதல் அழைப்பு பிழையோடு முடியும். அதே செஷனில் இரண்டாம் அழைப்பு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும், மாறி மட்டும் மதிப்பே இல்லாமல் (நல்) இருக்கும். ‘மறுபடி ஓட்டினேன், சரியாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் முதலில் பேக்கேஜின் அறிவிப்புகளைத் திறந்து பாருங்கள். அங்குள்ள ஃபங்ஷன் அழைப்புகளை ஒரு தொடக்க புரொசீஜருக்குள் தள்ளி, பேக்கேஜ் பாடியின் இறுதியில் உள்ள பிகின் பகுதியிலிருந்து அதை அழைத்தால், பிழையைப் பிடித்து லாக் எழுத அங்கே இடம் கிடைக்கும்.