மறு: தேர்வுக்கு முன்பே கைரேடியோ வாங்கலாமா? (சாட்ஸ்வர்த்)

தம்பி, அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதுமுன் பௌஃபெங் (பேசவும் கேட்கவும் ஆகும் கைரேடியோ) வாங்கிக் காதைப் பழக்கலாமா, தேர்வுக் கணக்குக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது வாங்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி, பேசாவிட்டாலும் உரிமமில்லாமல் டிரான்ஸ்மிட்டரை வைத்திருப்பதே தப்பு. காது பழக வெப்எஸ்டிஆர், அதாவது இணையத்திலேயே கேட்கும் ரேடியோ, போதும், காசும் மிச்சம்.

கணக்கில் பலர் சறுக்குவது சூத்திரத்தில் இல்லை, அலகில். 12 வோல்ட், 20 மில்லியாம்பியர் என்றால் முதலில் 0.02 ஆம்பியர் ஆக்குங்கள், பிறகு வோல்ட்டை அதால் வகுங்கள்: மின்தடை 600 ஓம். மாற்றாமல் 20ஆல் வகுத்தால் 0.6 வரும், அந்தத் தப்பு விடையும் தாளில் ஒரு தெரிவாகக் காத்திருக்கும்! அலைநீளம் மீட்டரில் வேண்டுமானால் 300ஐ அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 2.07 மீட்டர், அதில் கால்பங்கு 51.7 செ.மீ.; கால் அலை ஆன்டெனாவின் நிஜக் கம்பியை ஏறக்குறைய 5 சதவீதம் குறைத்து 49 செ.மீ. வெட்டுவோம். சக்தியை ஒப்பிடும் டெசிபல் அளவில் 3 இரட்டிப்பு, 10 பத்து மடங்கு. அப்போது 13 என்றால் 20 மடங்கு.

விதிமுறைப் பகுதியை அலட்சியம் செய்யாதீர்கள், அதிலும் தேற வேண்டும்.

தேறியதும் உடனே ரேடியோவில் பேசும் பட்டனை அழுத்திவிடாதீர்கள். இகாசா (தொடர்புத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) தரும் உரிமமும், ரேடியோவில் உங்கள் அடையாளமான அழைப்புக் குறியும் கைக்கு வரட்டும். பிறகு உரிமக் கட்டணத்தைத் தவறாமல் கட்டுங்கள். வீடு மாறினால் இகாசாவில் முகவரியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கட்டண அறிவிப்பு பழைய வீட்டுக்குத்தான் போகும்.